சன் கொனியூர் வாங்கலாமா? அயல்நாட்டு உயிர்களை வன்னியில் வளர்ப்பது பற்றி ஒரு விவாதம்

பரந்தன் பறவை

வணக்கம். ஒரு சன் கொனியூர் வாங்குவதற்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: இது தென்னமெரிக்காவில், கயானாவிலும் பிரேசிலின் வடக்கிலும் வாழும் சிறிய கிளி. உடல் மஞ்சள், முகமும் வயிறும் செம்மஞ்சள், இறக்கையில் பச்சையும் நீலமும் கலந்திருக்கும். கையால் ஊட்டி வளர்த்த குஞ்சு என்றால் தோளில் வந்து அமர்ந்து காதோரத்து மயிரைக் கோதிவிடும். தெற்கில் இதைக் கூட்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. பெரியப்பா மட்டும் "காட்டுச் சீவனைக் கூட்டில் போடுவது பாவம்" என்கிறார். இது காட்டுச் சீவனே இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது? கூட்டில் பிறந்த தாய்க்கும் தகப்பனுக்கும் கூட்டில் பிறந்தது. மாங்குளத்துக் காட்டில் மரப்பொந்திலிருந்து பெரிய பச்சைக்கிளிக் குஞ்சை எடுத்தால் நீதிமன்றம் போக வேண்டும். இதை வாங்கினால் பற்றுச்சீட்டு தருகிறார்கள். சட்டமே இரண்டையும் வேறாகப் பார்க்கும்போது பாவம் எங்கிருந்து வந்தது? உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் கிழவன்

தம்பி, வாங்கும். யாரையும் கேட்க வேண்டாம்.

எங்கள் காலத்தில் விலங்கில்லாத வீடு இந்தப் பக்கம் ஏது? கீரி வளர்த்தார்கள், மைனா வளர்த்தார்கள். எங்கள் வளவில் ஒரு மான் நின்றது. வேட்டைக்காரர் தாயைச் சுட்டுவிட்டார். குட்டி பற்றைக்குள் கிடந்தது. என் தகப்பனார் அதைத் தூக்கி வந்து பசுப்பால் பருக்கி வளர்த்தார். கழுத்தில் மணி கட்டியிருந்தோம். காலையில் காட்டுக்குள் போகும், பொழுது படும்போது பட்டி மாடுகளோடு திரும்பி வரும். அடுப்படி வாசலில் வந்து நின்று சோற்றுக் கஞ்சி கேட்கும். யாரும் அதைக் கட்டி வைக்கவில்லை. காட்டோடு வாழ்ந்த சனத்துக்குத்தான் விலங்கின் அருமை தெரியும். பாவ புண்ணியக் கதையெல்லாம் மதில் கட்டிய வீடுகளில் இருந்து வந்தது.

மருந்துப்பெட்டி

ஐயா, அந்த மான் கடைசியில் எப்படிச் செத்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான் வவுனியாவில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். இப்படி வளர்ந்த மான்களின் கதை பெரும்பாலும் இரண்டு விதமாகவே முடியும். கிடாவாக இருந்தால், கொம்பு முற்றிய பருவத்தில் வீட்டுக்காரரையே குத்தும். காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடிவிடும். கையில் வளர்ந்தது மனிதனைத் தன் இனத்துப் போட்டியாளன் என்று எண்ணி முட்டும். இல்லாவிட்டால் நாய்க்குப் பயப்படத் தெரியாமல் நாயிடம் போய்ச் சாகும்.

இனித் தம்பியின் கிளி. கூட்டில் பிறந்ததா காட்டில் பிடித்ததா என்பது பெரிய வேறுபாடு, மறுக்கவில்லை. ஆனால் "தோளில் வந்து அமரும்" என்று நீங்கள் ஆசைப்படும் அந்தக் குணம் எப்படி வருகிறது என்று விற்பவரிடம் கேட்டீர்களா? கண் திறந்து சில நாட்களில், இறகு முளைக்கும் முன்னரே, குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்து ஊசிக்குழாயால் கூழ் ஊட்டுகிறார்கள். தாயும் கூட்டமும் இருக்க வேண்டிய இடத்தில் மனிதக் கை இருப்பதால் அது உங்களிடம் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் அதை அன்பு என்கிறீர்கள். வேறு யாரும் இல்லாமல் வளர்க்கப்பட்ட ஒன்று இருப்பதைப் பற்றிக்கொள்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

காட்டில் இவை கூட்டம் கூட்டமாகப் பறப்பவை. வீட்டில் ஒற்றையாக, நீங்கள் வேலைக்குப் போன பின்னர் பகல் முழுவதும் என்ன செய்யும்? கத்தும். சன் கொனியூரின் சத்தத்தை நேரில் கேட்டிருக்கிறீர்களா? காணொளியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் போடுவார்கள். சில பறவைகள் கத்திக் களைத்த பின்னர் தம் இறகைத் தாமே பிடுங்கத் தொடங்கும். மேசைக்குக் கொண்டு வருவார்கள், நெஞ்சு மொட்டையாக இருக்கும், "என்ன நோய் டொக்டர்" என்று கேட்பார்கள்.

ஒட்டுசுட்டான் கிழவன்

நாய் கடித்துத்தான் செத்தது. காட்டில் நின்றிருந்தால் சிறுத்தை தின்றிருக்கும். எதில் செத்தால் என்ன, இருந்த காலம் ராசா போல இருந்தது.

ஸ்காபரோ பனி

நான் மல்லாவியில் பிறந்து இப்போது ரொறன்ரோவில் இருப்பவன். என்னிடம் ஒரு பந்து மலைப்பாம்பு இருக்கிறது. ஊரில் வெங்கிணாந்தி என்போமே, அதன் சிறிய ஆபிரிக்க உறவு. பயந்தால் கடிக்காமல் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். டொக்டர் சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. கூட்டமாக வாழாது, கத்தாது, நான் இல்லை என்று ஏங்காது. வெப்பம் ஒரு பக்கம், குளிர்மை ஒரு பக்கம், ஒளிய ஒரு பொந்து, கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒருமுறை உறைநிலையில் வாங்கிய எலி. அவ்வளவுதான் அதன் தேவை.

ஏன் வளர்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: பார்க்கப் பிடிக்கிறது. பன்னிரண்டு மணிநேர இரவு வேலை முடித்து, பனிக்குள்ளால் வந்து, நிலக்கீழ் அறைக் கதவைத் திறந்தால் அங்கே ஒரு உயிர் நாக்கை நீட்டி என் வாசனையைப் பிடிக்கிறது. நாய் போல என்னை மகிழ்விக்க அது முயல்வதில்லை. என்னைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது. அந்த அலட்சியத்தில் எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. இதை விளங்காதவர்கள் விளங்காமலே இருக்கட்டும்.

இன்னொன்று. வளர்ப்பவர்களை அழிப்பவர்கள் என்று மட்டும் பேசுவது சரியில்லை. பிரேசிலின் ஸ்பிக்ஸ் மக்கோ என்ற நீலக்கிளி 2000ஆம் ஆண்டளவில் காட்டிலிருந்து மறைந்தே போனது. கூட்டில் இருந்தவற்றின் வழித்தோன்றல்களைத்தான் 2022இல் மீண்டும் அங்கே பறக்கவிட்டார்கள். மெக்சிக்கோவின் அக்சலோட்டல் என்ற நீர்வாழ் உயிர் தன் சொந்த ஏரியில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருகி வாழ்கிறது. கூடு இல்லையென்றால் நீலக்கிளி இன்று படத்தில்தான்.

முறிகண்டி மணி

பாம்புக்கு எலி வாங்கிக் கொடுக்கும் கனடாக்காரர் ஊரில் அம்மாவுக்குக் காசு அனுப்பினாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். (பகிடிதான் அண்ணை, கோபிக்க வேண்டாம்.)

முசலிக்காரன்

எல்லோரும் வாங்குகிற பக்கத்தில் நின்றே கதைக்கிறீர்கள். நான் பிடிக்கப்படுகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

மன்னாரின் தெற்கே எங்கள் முசலி. 1990இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டுத் திரும்பியபோது வளவெல்லாம் முள்ளுக்காடு. பழைய கிணற்றடி வரை நட்சத்திர ஆமைகள் வந்திருந்தன. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த ஆமையை வன்னிச் சனம் எல்லோரும் கண்டிருப்பீர்கள். மழை விழுந்த மறுநாள் பாதையைக் கடக்கும். சைக்கிளை நிறுத்தி ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போவோம். நமக்கு அது பெரிய விடயமில்லை. சொல்லப்போனால் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றுதான் நம் சனம் சொல்லி வளர்ந்தது.

அதே ஆமை பேங்காக்கில் "எக்சோட்டிக்", அதாவது அயல்நாட்டு அபூர்வம். உலகில் அதிகம் கடத்தப்படும் தரை ஆமைகளில் ஒன்று இது. சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட பெட்டிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: கால் தலை வெளியே வராமல் ஒட்டுநாடா சுற்றி, காலுறைக்குள் திணித்து, கல் அடுக்கியது போல அடுக்கியிருப்பார்கள். எத்தனை உயிரோடு போய்ச் சேரும் என்பது விற்பவனுக்கு முக்கியமில்லை. நாலில் ஒன்று பிழைத்தாலும் அவனுக்கு இலாபம். 2019இல் ஜெனீவாவில், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாட்டில் இதை முதலாம் பட்டியலுக்கு ஏற்றினார்கள். அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு வணிகத்துக்குக் கொண்டு போகவே கூடாது.

போன மழைக்காலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "கையளவுக் குட்டிகள் இருந்தால் சொல்லுங்கள், நல்ல விலை தருவோம்." யாரிடம் இலக்கம் வாங்கினார் என்று தெரியாது. நான் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தேன். என் பக்கத்து வீட்டுக்காரன், கூலி வேலைக்குப் போகிறவன், அறிவிப்பானா? எனக்குச் சந்தேகம். அவனைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை.

தோளில் அமரும் கிளியைப் பார்த்துப் பரந்தன் தம்பிக்கு வருகிற அதே ஆசைதான், முதுகில் நட்சத்திரம் இருக்கும் ஆமையைப் பார்த்து அங்கே இன்னொரு தம்பிக்கு வருகிறது. பேங்காக் போகும் விமானத்தில் ஆமை போகிறது. அங்கிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் பந்து மலைப்பாம்பும் மார்மோசெட் குரங்கும் வந்து பிடிபடுகின்றன. போக வர ஒரே வழி.

பரந்தன் பறவை

முசலி அண்ணை, உங்கள் ஆமைக் கதை நெஞ்சைத் தொட்டது. ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லை. நான் கடத்தல்காரனிடம் வாங்கவில்லை. கூட்டில் பிறந்த பறவையை, காலில் வளையம் போட்டதை, வாங்குகிறேன். கடத்தலைக் காட்டி வளர்ப்பை மறுப்பது எப்படிச் சரி?

முசலிக்காரன்

தம்பி, சன் கொனியூரைக் கூட்டில் பெருக்கத் தொடங்கும் முன்னர் கயானாவில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். பல இடங்களில் பொறி வைத்தே துடைத்தெடுத்துவிட்டார்கள். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களில் ஒன்று. உங்களிடம் வரப்போவது பிடிபட்டவற்றின் பேரப்பிள்ளை. களவெடுத்த காணியைப் பேரன் காலத்தில் உறுதி முடித்து விற்றால் வாங்குபவன் களவாளி இல்லைதான். ஆனாலும் அது எந்தக் காணி என்று தெரிந்துதான் வாங்க வேண்டும்.

கூட்டில் பிறந்ததன் விற்பனை காட்டில் பிடிப்பதைக் குறைக்கும் என்கிறார்கள். சில இனங்களில் நடந்திருக்கலாம். வேறு சிலவற்றில் "கூட்டில் பிறந்தது" என்ற தாளே கடத்தலுக்குப் போர்வையாகிறது. ஆமைக் குட்டியைப் பார்த்து அது பற்றைக்குள் பிறந்ததா பெட்டிக்குள் பிறந்ததா என்று சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

வெண்கட்டி

துணுக்காய்ப் பக்கம் படிப்பிக்கிறேன். எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, கொட்டிவிட்டுப் போகிறேன்.

2023இல் இந்த நாட்டின் விவசாய அமைச்சு ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று வெளிப்படையாகப் பேசியது. உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இனம் அது. எதிர்ப்பும் வழக்கும் வந்த பின்னர்தான் கைவிட்டார்கள். இன்னொரு பக்கம், காட்டில் பிடித்த யானைக் குட்டிகளுக்குப் போலிப் பத்திரம் முடித்துத் தங்கள் மாளிகை வளவில் கட்டி வைத்த வசதியானவர்களின் வழக்குகள் எத்தனை ஆண்டு இழுபட்டன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊர்ச் சிறுவன் ஒருவன் மரம் விழுந்து கிடந்த கிளிக்குஞ்சை எடுத்து வளர்த்தால் வீட்டுக்கு அதிகாரி வருகிறார்.

விலங்கு வைத்திருப்பது என்றைக்குமே அந்தஸ்தின் விடயம். வன்னியின் தலைவர்கள் யாழ்ப்பாண அரசனுக்கும் பிறகு பறங்கியருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தது யானைகளைத்தான். நம் காட்டு யானையைப் பணிக்கர் பிடித்தார், பழக்கினார். ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடத்திக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். வட இந்திய அரசனின் ஊர்வலத்தில் அது "அபூர்வம்". இங்கே கமக்காரனின் வயலை மிதிக்கும்போது "தொல்லை". பரந்தன் தம்பியின் கிளியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம். கிளிநொச்சி வெயிலில் சைபீரிய ஹஸ்கி நாயை மின்விசிறிக்கு முன்னால் படுக்க வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதற்கு ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? அது நாய் என்பதாலா? பனியில் வண்டி இழுக்க இரட்டை மயிர்ப் போர்வையோடு உருவான நாய்க்குப் பங்குனி வெயிலில் இரணைமடுப் பக்கம் என்ன வேலை?

மருந்துப்பெட்டி

ஹஸ்கி பற்றி வெண்கட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெப்பத் தாக்கத்தோடு கொண்டு வருகிறார்கள். மயிரை மழித்துவிடுங்கள் என்று கேட்கிறார்கள். மழித்தால் தோல் வெந்துவிடும். அதற்காகக் கிளியை விட்டுவிட வேண்டும் என்றில்லை.

ஸ்காபரோ தம்பிக்கு: உங்கள் பாம்பைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு உண்மையாகவே பிடித்தது. ஆனால் பந்து மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் நிறத்துக்காக என்ன செய்தார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். "ஸ்பைடர்" என்று ஒரு நிறவகை. அந்த அழகான கோலத்தைத் தரும் மரபணுவே அதன் சமநிலையையும் கெடுக்கிறது. தலை நடுங்கும், சில தலைகீழாகச் சுழலும், இரையைக் குறி பார்க்க முடியாது. தெரிந்துகொண்டே பெருக்கினார்கள், ஏனென்றால் விலை போனது. கூட்டில் பிறந்தது என்பதாலேயே துன்பம் இல்லை என்றாகிவிடாது. சில துன்பங்கள் கூட்டில்தான் பிறக்கின்றன.

தப்பிப்போவதை எடுங்கள். புளோரிடாவில் வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் வெளியேறியும் வெளியே விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அங்குள்ள ரக்கூன் என்ற சிறு விலங்குகள் கண்ணில் படுவது 99 வீதம் குறைந்துவிட்டதாக 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்ததும் அதே ஆண்டில்தான். கனடாவிலேயே, 2013இல், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கடைக்கு மேலிருந்த வீட்டில் வைத்திருந்த ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பு தப்பி, உறங்கிய இரண்டு சிறுவர்களைக் கொன்றது.

ஸ்காபரோ பனி

அந்தச் செய்தி வந்த கிழமை என் மனைவி பாம்பை விற்கச் சொன்னார். விற்கவில்லை. பாறை மலைப்பாம்பு வேறு, பந்து மலைப்பாம்பு வேறு. இது நான்கைந்து அடியோடு நின்றுவிடும். அந்தச் சம்பவத்தை வைத்து இதைத் தடை செய்வதென்றால் கடிநாய் ஒன்றை வைத்து எல்லா நாயையும் தடை செய்ய வேண்டும். இலங்கையில் வருடாவருடம் விசர்நாய்க்கடிக்கு எவ்வளவு பேர் ஊசி போடுகிறார்கள்?

ஸ்பைடர் வகையை நான் வாங்கமாட்டேன். அந்த அளவுக்கு டொக்டரோடு உடன்படுகிறேன். எவர்கிளேட்ஸ் கதையைக் கனடாவுக்குச் சொல்ல வேண்டாம். இங்கே வெளியே விட்டால் மார்கழியில் ஒரே இரவில் விறைத்துவிடும்.

மருந்துப்பெட்டி

உங்களுக்குப் பனி காவல். வன்னிக்கு யார் காவல்? பந்து மலைப்பாம்போ பச்சை இகுவானா என்ற பெரும்பல்லியோ தப்பினால் இங்கே வெயிலும் இருக்கிறது, எலியும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. மீன்தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கும் "டேங்க் கிளீனர்" மீன் பெரிதானதும் சனம் வாய்க்காலில் விட்டது. இன்று மகாவலியின் நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் அது பெருகி, முள் செதிலால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. தின்னவும் ஆளில்லை, விற்கவும் முடியாது. வவுனிக்குளத்தில் அது வந்தால் நன்னீர் மீனவர்கள் என்ன செய்வார்கள்?

முறிகண்டி மணி

வவுனிக்குளத்தில் நாம் பிடித்துத் தின்னும் திலாப்பியாவே ஆபிரிக்காவிலிருந்து 1950களில் அரசு கொண்டுவந்து விட்டதுதானே டொக்டர்? பொரித்தால் ருசி என்றால் குடியுரிமை, இல்லையென்றால் ஆக்கிரமிப்பா?

மருந்துப்பெட்டி

அந்தக் கணக்கில்தான் சனம் நடக்கிறது, மறுக்கமாட்டேன்.

பரந்தன் பறவை

எனக்கு ஒன்று புரியவில்லை. இங்கே எழுதுகிற எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை புரொய்லர் கோழி சாப்பிடுகிறவர்கள். ஆறு கிழமை வெளிச்சத்தில் நிறுத்தி, கால் தாங்காத எடையில் வெட்டுகிற கோழிக்கு ஒருவரும் திரி தொடங்கவில்லை. நான் ஒரு பறவையைப் பெயர் வைத்து, பழம் நறுக்கிக் கொடுத்து, நீண்ட காலம் வளர்க்கப் போகிறேன் என்றால் ஊரே கூடுகிறது. கோழி கேட்காத சுதந்திரத்தைக் கிளிக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

வெண்கட்டி

நல்ல அடி. நான் கோழி சாப்பிடுகிறேன், என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு கொடுமை நடக்கிறது என்பது இன்னொன்றைத் தொடங்க உத்தரவுப்பத்திரம் ஆகாது.

நெடுங்கேணி அக்கா

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் எல்லோரும் புளோரிடாவுக்கும் பிரேசிலுக்கும் போய் வந்துவிட்டீர்கள். கூட்டை யார் கழுவுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் கிளி இருந்தது. அண்ணன் கொண்டு வந்தது. ஒரு மாதம் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு எச்சம் துடைத்ததும், தண்ணீர் மாற்றியதும், பூனை வராமல் இரவில் சாக்குப் போட்டு மூடியதும் அம்மாவும் நானும். யாராவது ஒரு விலங்கு "வளர்க்கிறேன்" என்று சொன்னால் அந்த வீட்டுப் பெண்களைப் போய்க் கேளுங்கள், யார் வளர்க்கிறார் என்று தெரியும். பரந்தன் தம்பி வேலைக்குப் போகிறவர். பகலில் அந்தச் சத்தத்தைக் கேட்கப்போவது அவருடைய அம்மா.

மற்றது, காலம். சன் கொனியூர் இருபது, முப்பது ஆண்டு இருக்கும் என்கிறார்கள். ஆமை மனிதனைத் தாண்டி இருக்கும். வன்னியில் யாருக்கு அப்படி ஓரிடத்தில் முப்பது ஆண்டு இருக்கக் கிடைத்தது? 2009 தையில் நாங்கள் வெளிக்கிட்டபோது மாடுகளை அவிழ்த்துவிட்டோம், கிளிக்கூட்டைத் திறந்துவிட்டோம். மாடு கட்டாக்காலியாகிப் பிழைத்தது. திரும்பி வந்தபோது சிலரின் மாடுகள் குறியோடு கன்றுகளோடு நின்றன. கிளி என்ன ஆனது என்று தெரியாது. பறக்கப் பழகாத பறவைக்குத் திறந்த கூடு என்ன செய்யும்?

போர் இப்போது இல்லை, சரி. ஆனால் ஊரில் இளைஞர் தங்குகிறார்களா? தம்பி, நேரடியாகக் கேட்கிறேன்: நீங்கள் வெளிநாடு போக எங்கேயாவது விண்ணப்பித்திருக்கிறீர்களா?

பரந்தன் பறவை

அது தனிப்பட்ட விடயம் அக்கா. அப்படிப் போக நேர்ந்தாலும் அம்மா பார்த்துக்கொள்வார்.

நெடுங்கேணி அக்கா

அம்மாவிடம் கேட்டீர்களா, அல்லது அவர் மறுக்கவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்களா?

ஒட்டுசுட்டான் கிழவன்

பிள்ளை, நீர் அந்தப் பெடியனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறீர். தனிமையில் இருக்கிற வீட்டில் ஒரு சத்தம் வேண்டும் என்று நினைப்பது குற்றமா? என் பிள்ளைகள் மூவரும் ஐரோப்பாவில். மாலையில் இந்த வளவில் மயில் அகவுவதைத் தவிர எனக்கு வேறு பேச்சில்லை. அந்த மயில்கூடப் பயிரைத் தின்னுகிறது என்று பக்கத்துக் காணிக்காரன் வெடி கொளுத்துகிறான். ஒரு கிளி இருந்தால் நான் பழம் வெட்டிக் கொடுப்பேன், கூட்டையும் நானே கழுவுவேன்.

வவுனியா வாசகி

நான் இந்தக் களத்தில் எழுதுவதில்லை, வாசிப்பது மட்டும்தான். நெடுங்கேணி அக்காவின் பதிவைப் பார்த்த பின்னர் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் ஒரு சன் கொனியூர் இருக்கிறது. தம்பி வாங்கியது. அவன் கட்டாருக்குப் போன பின்னர் என்னிடம் வந்தது. இப்போது எனக்கும் பிரான்சுக்கு விசா கிடைத்துவிட்டது. கடையில் கேட்டேன், வளர்ந்த பறவையை எடுக்க மாட்டார்களாம். குஞ்சைத்தான் சனம் கேட்கிறதாம். மிருகக்காட்சிசாலையும் எடுக்காது. வெளியே விடலாமா என்று சிலர் கேட்டார்கள்; அது காகத்துக்கு இரையாகிவிடும். விலைக்கு வேண்டாம், கூட்டோடு தருகிறேன். பரந்தன் தம்பிக்கு விருப்பமா?

முசலிக்காரன்

இதை எடுத்தால் நான் எதிர்க்கமாட்டேன். புதிதாக ஒரு குஞ்சும் தாயிடமிருந்து பிரியாது.

வெண்கட்டி

ஆனால் "வேண்டாமென்றால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்" என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் நாளை இன்னும் பத்துப் பேர் துணிந்து வாங்குவார்களே? வாகனச் சந்தை போல இதிலும் பழைய சரக்குச் சந்தை உருவாகிறது. அது புதியதன் விலையைத் தாங்கிப் பிடிக்கும்.

முசலிக்காரன்

அதற்காக இந்தப் பறவையைக் காகத்திடம் விடச் சொல்கிறீர்களா சேர்?

வெண்கட்டி

இல்லை. சொல்ல வந்ததைச் சொன்னேன்.

மருந்துப்பெட்டி

யார் எடுத்தாலும் முதலில் என்னிடம் கொண்டு வாருங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு. வீட்டில் முதியவர் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போது என்ன சாப்பிடுகிறது? சூரியகாந்தி விதை மட்டும் என்றால் ஈரல் கொழுத்திருக்கும், மெதுவாகத்தான் மாற்ற வேண்டும். அடுப்படியில் வைக்க வேண்டாம்: ஒட்டாத சட்டி கருகினால் எழும் புகையே பறவையைக் கொன்றுவிடும். எங்கள் அலுவலகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் அமைக்கப்பட்டது. பறவைக்கான கருவிகள் என்னிடம் அதிகம் இல்லை. முடிந்ததைச் செய்வேன். வளர்ப்பு வணிகம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

பரந்தன் பறவை

அம்மாவிடம் கேட்டேன். "பழைய கிளி என்றால் கொஞ்சம் அடங்கியிருக்கும்தானே" என்கிறார். குஞ்சுதான் வேண்டும் என்றிருந்தேன். உண்மையைச் சொன்னால் இன்னும் அந்த ஆசை போகவில்லை. வளர்ந்த பறவை புதியவரிடம் பழகுமா? வவுனியா வாசகி அக்கா, அது கடிக்குமா?

வவுனியா வாசகி

கடிக்கும். ஆண்களை மட்டும்.

ஒட்டுசுட்டான் கிழவன்

பரந்தன் தம்பி வேண்டாமென்றால் எனக்குச் சொல்லும் பிள்ளை. எனக்கு இந்தக் கையில் உணர்ச்சி குறைவு.